இரும்புக்குச் சான்றிதழ் உண்டு, கட்டுக்கு?

2008 மார்ச் 15, சனிக்கிழமை. நியூயார்க், மன்ஹாட்டன், கிழக்கு 51-ஆம் தெரு. எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டி டவர் கிரேன் நின்றது. கட்டடம் உயர உயர கிரேனையும் உயர்த்த வேண்டும். உயர்த்தினால், அதன் தூணைக் கட்டடத்தோடு சேர்த்துப் பிடிக்க ஆங்காங்கே ஓர் இரும்புக் கழுத்துப்பட்டை மாட்ட வேண்டும். 3-ஆவது மாடியில் ஒன்றும் 9-ஆவது மாடியில் ஒன்றும் ஏற்கெனவே இருந்தன. அன்று மதியம் 18-ஆவது மாடி உயரத்தில் மூன்றாவதைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். எடை 5 டன்னுக்குச் சற்று அதிகம். போல்ட் போட்டு முடிக்கும்வரை அதைத் தாங்கி நின்றவை நான்கு பாலியஸ்டர் பெல்ட்கள்.

பெல்ட்கள் அறுந்தன. கழுத்துப்பட்டை கிரேன் தூணைச் சுற்றியபடியே சறுக்கி, 9-ஆவது மாடிப் பிடியில் மோதி, அதையும் பெயர்த்துக்கொண்டு இறங்கியது. பிடிமானம் போன கிரேன் தெருவுக்குக் குறுக்கே சாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். ஆறு பேர் அங்கே வேலை செய்தவர்கள். ஒருவர், பக்கத்துக் கட்டடத்தில் விருந்தாளியாக வந்து தங்கியிருந்த பெண்.

விபத்துக்குப் பிறகு வெளிவந்த ஒரு செய்தி நகரத்தையே கொதிக்க வைத்தது. அந்தக் கிரேனைப் பற்றி யாரோ புகார் சொல்லியிருக்கிறார்கள். மார்ச் 4 அன்று நேரில் போய்ப் பார்த்துவிட்டதாக மாநகரக் கட்டடத் துறை ஆய்வாளர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். உண்மையில் அவர் போகவே இல்லை என்று சொல்லி, விபத்து நடந்த ஒரு வாரத்துக்குள் அவரைக் கைது செய்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில் கதையை முடித்துவிடுவோம்: பொய்யெழுதிய ஒரு அதிகாரி, அதனால் ஏழு சாவு. ஆனால் துறையின் ஆணையர் அப்போது சொன்ன விளக்கம் அதைவிட முக்கியம். அந்த ஆய்வாளர் உண்மையிலேயே போய்ப் பார்த்திருந்தாலும் இந்த விபத்து நின்றிருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றார் அவர். ஏனென்றால், உடைந்த பாகங்கள் மார்ச் 4 அன்று அந்த இடத்துக்கு வந்து சேரவே இல்லை.

பழியைத் தள்ளிவிடும் பேச்சு என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். எனக்கு அது ரிக்கிங், அதாவது சுமையைக் கட்டிக் கிரேன் கொக்கியில் மாட்டும் தொழிலின் பாதுகாப்புக் கண்காணிப்பில் உள்ள அடிப்படைச் சிக்கலை ஒரே வரியில் சொன்னதாகப் படுகிறது. கிரேன் ஒரு இயந்திரம். ஒரு தேதியில் போய் அதைச் சோதிக்கலாம். கொக்கிக்குக் கீழே இருக்கும் கட்டு அப்படியல்ல. அது ஒவ்வொரு தூக்கலுக்கும் புதிதாகப் பிறந்து, பொருள் தரையைத் தொட்டதும் மறைந்துவிடுகிறது. நேற்று அது இல்லை, நாளையும் இருக்காது. இல்லாத ஒன்றை ஆண்டுக்கு ஒருமுறை எப்படி ஆய்வு செய்வது?

சரி, ரிக்கர் என்பவர் யார்? கிரேன் ஓட்டுபவர் ஆப்பரேட்டர். கையசைத்து வழிகாட்டுபவர் சிக்னல் மேன். பொருளின் எடை என்ன, அதன் நடுப்புள்ளி எங்கே, எந்தப் பெல்ட், எத்தனை ஷேக்கிள் (கட்டையும் கொக்கியையும் இணைக்கும் இரும்பு வளையம்), எந்தக் கோணம் என்று முடிவு செய்து கட்டி மாட்டுபவர்தான் ரிக்கர். ரயில்வேயிலும் துறைமுகத்திலும் இவருக்குப் பழைய பெயர் கலாசி. கட்டுமானத் தளங்களில் இன்றும் மேலே தூக்க ‘ஹாபிஸ்’ என்றும் கீழே இறக்க ‘ஆரியா’ என்றும் குரல் கொடுப்பதைக் கேட்கலாம். ஆரியா போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தது. இந்தியக் கடலோடிகள் பாய்மரக் கப்பல்களில் பேசிய கலவை மொழி இன்னும் கிரேனடியில் உயிரோடிருக்கிறது. 1988 ஜூலையில் கேரளத்தின் பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது, மூழ்கிய பெட்டிகளை இழுத்துத் தூக்கும் வேலைக்கு மலபாரின் மாப்பிளா கலாசிகளை அழைத்தார்கள். கப்பியும் கயிறும் மரக்கட்டையும் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கற்ற வித்தை அது.

அந்த வித்தையின் உள்ளே இருக்கும் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். பெரும்பாலான விபத்துகள் அங்கேதான் தொடங்குகின்றன.

10 டன் எடையுள்ள ஒரு பொருளை இரண்டு ஸ்லிங்கில், அதாவது சுமையைக் கட்டும் இரண்டு பெல்ட்டிலோ கயிற்றிலோ, தூக்குகிறோம். ஆளுக்குப் பாதி, ஒவ்வொன்றுக்கும் 5 டன் என்றுதான் தோன்றும். ஸ்லிங் இரண்டும் நேர் செங்குத்தாக நின்றால் அது சரி. ஆனால் இரண்டும் ஒரே கொக்கியில் சேர வேண்டுமே, ஆகவே சாய்ந்துதான் நிற்கும். தரைமட்டத்தோடு 60 டிகிரி இருந்தால் ஒவ்வொன்றும் 5.8 டன் தாங்குகிறது. 45 டிகிரியில் 7.1 டன். 30 டிகிரியில் முழு 10 டன். 15 டிகிரிக்கு இறங்கினால் 19 டன்னைத் தாண்டிவிடும். பொருளின் எடை கூடவே இல்லை. கயிறு குட்டையாக இருந்ததால் கோணம் படுத்துவிட்டது, அவ்வளவுதான். மொட்டை மாடியில் கொடிக்கயிறு கட்டியவர்களுக்கு இது தெரியும். எத்தனை விறைப்பாக இழுத்துக் கட்டினாலும், நடுவில் ஒரு ஈரப் போர்வையைப் போட்டதும் கொடி தொய்கிறது. தொய்யவிடாமல் கட்டினால் ஆணி பிடுங்கிக்கொண்டு வருகிறது. தளத்தில் ‘நீளமான ஸ்லிங் ஸ்டோரில் இருக்கு, போய் எடுத்துட்டு வரணும்’ என்ற சோம்பல்தான் பல சமயம் 60 டிகிரியை 30 ஆக்குகிறது.

அடுத்தது கட்டும் முறை. ஒரே பெல்ட்டை நேராகத் தொங்கவிட்டால் அதன் முழுத் திறன் கிடைக்கும். பொருளைச் சுற்றிச் சுருக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. பெல்ட்களுக்கு நிறக் குறி உண்டு: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் நிறம் தெரியும் என்பதால் இது நல்ல ஏற்பாடு. ஆனால் ‘மஞ்சள் என்றால் 3 டன்’ என்பது நேராகத் தொங்கும் பெல்ட்டுக்கு மட்டும்தான். சுருக்குக்கும் சாய்வுக்கும் நிறம் பதில் சொல்லாது. ஓரத்தில் தைத்திருக்கும் துணி லேபிளில்தான் அந்த விவரம் இருக்கும். லேபிள் கிழிந்துபோன பெல்ட்டை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அமெரிக்க ஸ்லிங் தரநிலை உட்பட எல்லாத் தரநிலைகளும் சொல்வது இதனால்தான். ‘பெல்ட் நல்லாத்தானே இருக்கு, லேபிளுக்காகத் தூக்கிப் போடணுமா’ என்பது அதற்கு எப்போதும் வரும் பதில்.

மூன்றாவது, விளிம்பு. பாலியஸ்டர் பெல்ட் இழுவைக்குப் பயங்கரமாகத் தாங்கும். ஐரோப்பியத் தரப்படி அதில் எழுதியிருக்கும் அளவைப்போல் ஏழு மடங்கு வரை அறுந்துவிடக் கூடாது. வயர் ரோப்புக்கு, அதாவது இரும்புக் கம்பிக் கயிற்றுக்கு, இது ஐந்து மடங்கு, சங்கிலிக்கு நான்கு. இத்தனை தாராளமான கையிருப்பு இருந்தும் பெல்ட் அறுகிறது என்றால், பெரும்பாலும் அது இழுத்து அறுவதில்லை; கூர்மையான இரும்பு விளிம்பில் வெட்டுப்படுகிறது. பெல்ட்டின் பருமனைவிட விளிம்பின் வளைவு சிறியதாக இருந்தால் அதைக் கூர் விளிம்பாகவே கருத வேண்டும் என்பது விதி. ஒரு சாதாரண ஐ-பீமின் ஓரமே அந்தக் கணக்கில் கத்திதான்.

மறுபடி 51-ஆம் தெருவுக்கு வருவோம். அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது இது: உற்பத்தியாளர் எட்டு இடங்களில் பிடித்துத் தாங்கச் சொல்லியிருந்தார், அதுவும் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) கொண்டு; இங்கே நான்கு பாலியஸ்டர் பெல்ட்கள்தான் போட்டிருந்தார்கள், அதில் ஒன்று ஏற்கெனவே நைந்தது; கூர் விளிம்பில் மெத்தை எதுவும் வைக்கவில்லை. கட்டியவர் அனுபவமற்றவரும் அல்ல. நியூயார்க் மாநகரம் ரிக்கர்களுக்குத் தேர்வு வைத்து உரிமம் கொடுக்கும் ஊர். அவர் அந்த உரிமம் பெற்ற மூத்த ரிக்கர். 2010 ஜூலையில் நீதிபதி அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தார். ஆகவே யார் மீது குற்றம் என்று நாம் இங்கே முடிவு கட்டத் தேவையில்லை. உரிமமும் இருந்தது, அனுபவமும் இருந்தது, உற்பத்தியாளரின் கையேடும் இருந்தது. அந்தச் சனிக்கிழமை மதியம் அந்தக் கட்டை இன்னொரு ஜோடிக் கண்கள் பார்த்து ‘நிறுத்து’ என்று சொல்லும் ஏற்பாடுதான் இல்லை.

இரண்டரை மாதம் கழித்து, மே 30 அன்று, அதே மன்ஹாட்டனில் 91-ஆம் தெருவில் இன்னொரு டவர் கிரேன் விழுந்து இருவர் இறந்தார்கள். அங்கே பிரச்சினை கட்டில் இல்லை. கிரேனின் மேல்பகுதியைச் சுழலவைக்கும் வளையத்தில் முன்பு விரிசல் வந்து, பழுதுபார்த்துப் போட்ட வெல்டிங் விட்டுப்போயிருந்தது. இந்த வகைக் குறையை ஓர் ஆய்வு கண்டுபிடிக்க முடியும், கண்டுபிடித்திருக்கவும் வேண்டும். அடுத்த மாதமே மாநகரத்தின் தலைமைக் கிரேன் ஆய்வாளர், காசு வாங்கிக்கொண்டு உரிமத் தேர்விலும் ஆய்விலும் முறைகேடு செய்ததாகக் கைதாகி, பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். ஆக, ஒரே ஊரில் ஒரே வசந்த காலத்தில் இரண்டு வெவ்வேறு நோய்கள். ஒன்றுக்கு மருந்து நேர்மையான ஆய்வு. மற்றதற்கு எவ்வளவு நேர்மையான ஆய்வும் போதாது.

இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நம் சட்டங்களைப் பார்த்தால் சில விஷயங்கள் புலப்படும்.

தூக்கு கருவிகளுக்கான விதிகள் துறைமுகத்தில்தான் முதலில் கெட்டிப்பட்டன. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குபவர்களின் விபத்துகளைத் தடுக்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1929-இல் ஓர் உடன்படிக்கை போட்டு, 1932-இல் அதைத் திருத்தியது. அதற்கு ஏற்ப இந்தியாவில் 1934-இல் துறைமுகத் தொழிலாளர் சட்டம் வந்தது. விதிகள் வகுத்து அது நடைமுறைக்கு வர 1948 ஆகிவிட்டது. பின்னர் 1986-இல் புதிய சட்டம், 1990-இல் அதன் ஒழுங்குமுறைகள். இந்தத் துறைமுக விதிகளை எழுதியவர்கள் கயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் என்று படிக்கும்போதே தெரியும். வயர் ரோப்பை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்றன அவை. ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தாலும் அதன்பின் மாதாமாதம் பார்க்க வேண்டும். கயிற்றின் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குள், மொத்தக் கம்பிகளில் பத்து சதவீதத்துக்கு மேல் அறுந்து தெரிந்தால் அந்தக் கயிறு கூடாது.

இதைத் தளத்து மொழிக்குக் கொண்டுவந்தால்: 20 மில்லிமீட்டர் கயிறு, ஆறு புரி, புரிக்கு 36 கம்பி, மொத்தம் 216. 160 மில்லிமீட்டர், ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் 22 கம்பி அறுந்திருந்தால் தூக்கிப் போடு. எண்ணத் தெரிந்த எவரும், எந்தப் பட்டமும் இல்லாமல், ஒரு கந்தல் துணியை வைத்துத் தடவியே கண்டுபிடித்துவிடலாம். அறுந்த கம்பி துணியைப் பிடித்து இழுக்கும். ஒரு விதி இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்காக இல்லாமல் கயிற்றைப் பிடிப்பவருக்காக எழுதிய விதி.

தொழிற்சாலைகள் சட்டம், 1948-இல் 29-ஆவது பிரிவு தூக்கு இயந்திரம், சங்கிலி, கயிறு, கொக்கி எல்லாவற்றையும் ‘தகுதி வாய்ந்த நபர்’ ஒருவர் 12 மாதத்துக்கு ஒருமுறையாவது முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்றது. பாதுகாப்பான சுமையளவைத் தாண்டக் கூடாது என்றது. ஓடும் கிரேனின் தண்டவாளத்தருகே ஆள் வேலை செய்தால் கிரேன் 6 மீட்டருக்குள் வரக் கூடாது என்றது. கட்டுமானத் தளங்களுக்கு 1996-இல் தனிச் சட்டமும் 1998-இல் மத்திய விதிகளும் வந்தன. இப்போது 2020-இன் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு இவற்றையும் துறைமுகச் சட்டத்தையும் சேர்த்துப் பதின்மூன்று சட்டங்களை விழுங்கிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆய்வாளர் என்ற பெயரே ‘ஆய்வாளர் மற்றும் வழிகாட்டுநர்’ என்று மாறியிருக்கிறது. எந்த நிறுவனத்துக்கு ஆய்வுக்குப் போவது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடும் அதில் உண்டு. அதிகாரியின் தொல்லை குறையும் என்பது ஆதரவாளர்கள் சொல்வது, பயமே போய்விடும் என்பது தொழிற்சங்கங்கள் சொல்வது. ரிக்கிங்கைப் பொறுத்தவரை இந்தச் சண்டை பாதிதான் பொருந்தும். ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும் நான்கு முறை வந்தாலும், அவர் வரும் நாளில் எந்தக் கட்டும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்காது.

தகுதி வாய்ந்த நபர் நல்ல ஏற்பாடு. ஷேக்கிளுக்கு எண் அடித்து, சுமை ஏற்றிப் பார்த்து, சான்றிதழ் கொடுப்பார். தமிழ்நாட்டில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்றவர்கள் இதைச் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சான்றிதழ் இரும்பைப் பற்றியது. அந்த ஷேக்கிளைப் பக்கவாட்டில் இழுபடும்படி மாட்டினால் அதன் திறன் பாதியாகிவிடும் என்பதைச் சான்றிதழ் தடுக்காது. இரும்பைச் சோதிக்கிற சட்டம், அதை மாட்டும் கையைச் சோதிப்பதில்லை. இந்தியாவில் ரிக்கருக்கென்று நாடு முழுவதும் செல்லும் உரிமம் கிடையாது. திறன் மேம்பாட்டுப் பயிற்சிகள் இருக்கின்றன. பெரிய நிறுவனங்கள், சுத்திகரிப்பு ஆலைகள் தங்கள் தளத்துக்குள் தனியாகத் தேர்வு வைத்து அட்டை கொடுக்கின்றன. காலாண்டுக்கு ஒரு நிறம் என்று பெயின்ட் அடித்து, இந்தக் காலாண்டின் நிறமில்லாத ஸ்லிங்கை வெளியே போடுகின்றன. அவற்றின் மதில் சுவருக்கு வெளியே நிலைமை வேறு.

அம்பத்தூரிலோ கோவையிலோ ஒரு சின்னப் பட்டறைக்குப் புது லேத் வந்து இறங்குகிறது என்று வையுங்கள். உரிமையாளர் போன் போட்டால் மணிக்கணக்கு வாடகைக்கு ஒரு ஹைட்ரா வரும். நம் ஊரில் எங்கே பார்த்தாலும் ஓடும் அந்த முன்மூக்கு கிரேன்தான். ஆப்பரேட்டரிடம் வாகன ஓட்டுநர் உரிமம் இருக்கலாம். அது சாலையில் ஓட்டத் தெரியுமா என்று பார்த்துக் கொடுத்தது, சுமை தூக்கத் தெரியுமா என்று பார்த்துக் கொடுத்ததல்ல. கட்டுவது யார்? லாரியில் வந்த ஹெல்பர், இல்லையென்றால் பட்டறைப் பையன். பெல்ட் ஹைட்ராவோடு வந்தது. லேபிள் என்றோ போய்விட்டது. லேத்தின் எடை பில்லில் இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். ‘ஒரு மூணு டன் வரும்’ என்பதே கணக்கு. தூக்கியதும் பொருள் ஆடும். ஆடாமலிருக்க இரண்டு பேர் கையால் பிடித்துக்கொண்டே, ஹைட்ராவின் முன்னால் பின்பக்கமாக நடப்பார்கள். பொருளின் ஓரத்தில் ஒரு கயிறு கட்டித் தள்ளி நின்று பிடித்தால் போதும், கயிறும் அங்கேயே கிடக்கும். ஹைட்ரா விபத்துகளில் சக்கரத்தில் சிக்குகிறவர் பெரும்பாலும் இப்படி நடந்தவர்தான். அந்த அரை மணி நேரத்துக்கு யார் முதலாளி, யார் பொறுப்பு? பட்டறைக்காரர் கிரேன்காரரைக் காட்டுவார், அவர் லாரிக்காரரைக் காட்டுவார்.

சினிமாத் தளமும் இதே மாதிரிதான், இன்னும் பெரிய பணத்தோடு. 2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி அருகே ஒரு படப்பிடிப்பு வளாகத்தில் விளக்குகளைத் தாங்கி நின்ற கிரேன் சாய்ந்து மூன்று பேர் இறந்தார்கள். 2022 டிசம்பரில் வண்டலூர்ப் பக்கம் ஒரு சண்டைக்காட்சி ஒத்திகையின்போது, கிரேனில் கட்டிய கயிறு அறுந்து ஒரு ஸ்டன்ட் கலைஞர் இறந்தார். இரண்டாவதைக் கொஞ்சம் நிறுத்திக் கவனிக்க வேண்டும். அங்கே கயிற்றில் தொங்கியது பொருள் இல்லை, மனிதர். பிரிட்டனில் 1998-இல் வந்த தூக்கு வேலை விதிகளின்படி மனிதரைத் தூக்கும் கருவியையும், ஸ்லிங் ஷேக்கிள் போன்ற துணைக்கருவிகளையும் 12 மாதத்துக்குப் பதிலாக 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். நம் தொழிற்சாலைச் சட்டமும் லிஃப்டுக்கு 6 மாதம்தான் கொடுத்தது. படப்பிடிப்பில் கிரேனில் தொங்குபவருக்கு அந்தக் கணக்கு போய்ச் சேரவில்லை. 2020 சட்டத்தொகுப்பு திரைப்படத் தொழிலாளர்களையும் உள்ளே கொண்டுவந்திருக்கிறது. ஆனால் அதில் அவர்களுக்கென்று இருக்கும் பகுதி பெரும்பாலும் வேலை ஒப்பந்தத்தையும் ஊதியத்தையும் பற்றியது.

சோதனையே சாவுக்குக் காரணமான கதையும் உண்டு. 2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் ஒரு பெரிய கிரேனை வேலைக்கு ஒப்படைக்கும் முன் சோதனை ஓட்டம் பார்த்தார்கள். கிரேன் அப்படியே சரிந்து 11 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கிரேன் தாங்குமா என்று தெரியாததால்தான் சோதனை. தாங்குமா என்று தெரியாத ஒன்றின் அடியிலும் மேலேயும் இத்தனை பேர் ஏன் இருந்தார்கள் என்ற கேள்வி இயந்திரத்தைப் பற்றியதல்ல. வேலையைத் திட்டமிட்ட விதத்தைப் பற்றியது.

பிரிட்டிஷ் விதிகள் திட்டத்தைத்தான் முன்னே வைக்கின்றன. அதன் 8-ஆவது விதி: ஒவ்வொரு தூக்கு வேலையையும் தகுதியுள்ள ஒருவர் முறையாகத் திட்டமிட வேண்டும், தகுந்த மேற்பார்வை இருக்க வேண்டும், பாதுகாப்பாகச் செய்ய வேண்டும். எடுத்தவுடன் எளிமையாகத் தெரியும். கவனித்தால், சட்டத்தின் பார்வை கிரேனிலிருந்து அன்றைய வேலைக்கு நகர்ந்துவிட்டது.

சிங்கப்பூர் இன்னும் ஒரு படி போய், ஆளாளுக்குப் பெயர் வைத்தது. அங்கும் முதலில் பழைய தொழிற்சாலைச் சட்டம்தான். 2004 ஏப்ரலில் நிக்கோல் நெடுஞ்சாலை சுரங்கப் பணியில் நிலம் உள்வாங்கி 4 பேரும், அடுத்த மாதம் கப்பல் பட்டறைத் தீயில் 7 பேரும் இறந்தபிறகு, 2006-இல் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைப் புதிதாகப் போட்டார்கள். 2011-இல் கிரேன் இயக்கத்துக்கான தனி விதிகள் வந்தன. எழுத்தில் ஒரு தூக்குத் திட்டம், அதை நடத்த ஒரு தூக்கு மேற்பார்வையாளர், பயிற்சி பெற்ற ரிக்கர், பயிற்சி பெற்ற சிக்னல் மேன், அரசிடம் பதிவு செய்த ஆப்பரேட்டர். திட்டத்தில் பொருளின் எடை, ஸ்லிங்கின் வகை, கிரேன் எங்கே நிற்கும், கை எவ்வளவு நீளும், தரை தாங்குமா, சுமை எந்த வழியாகப் போகும் என்று எல்லாம் இருக்க வேண்டும். ஸ்லிங் பழுது என்றால் ரிக்கர் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும் என்பது அவருடைய சட்டக் கடமை. ‘வாயைப் பொத்திக்கிட்டு கட்டு’ என்று சொல்ல முடியாதபடி, குறைந்தபட்சம் காகிதத்தில், ஒரு காப்பு.

இந்த இடத்தில் நமக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் ரிக்கராகவும் சிக்னல் மேனாகவும் இருப்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் ஏராளம். அந்தப் பயிற்சி வகுப்புகள் தமிழிலும் நடக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கமோ பட்டுக்கோட்டைப் பக்கமோ விசாரித்தால் ‘நான் ரிக்கர் கோர்ஸ் முடிச்சிருக்கேன்’ என்று சொல்லும் ஆள்கள் கிடைப்பார்கள். 60 டிகிரிக் கணக்கு அவர்களுக்கு மனப்பாடம். ஊர் திரும்பியபின் அந்த அட்டைக்கு இங்கே சட்டத்தில் இடமில்லை. இரண்டு ஊரிலும் ஒரே ஆள்தான், ஒரே கைதான். மாறுவது அவரைச் சுற்றியுள்ள ஏற்பாடு.

சிங்கப்பூரை வானளாவப் புகழ வேண்டியதில்லை. அங்கேயும் கிரேன்கள் சாய்கின்றன, சுமைகள் விழுகின்றன. தூக்குத் திட்டம் என்பது ஒருமுறை எழுதியதையே தேதி மாற்றி அச்சடித்துக் கையெழுத்து வாங்கும் சடங்காகச் சுருங்கிவிடும் ஆபத்து எந்த ஊரிலும் உண்டு. மேற்பார்வையாளர் என்று பெயர் போட்டவர் நான்கு கிரேனுக்கு ஒரே ஆளாக ஓடிக்கொண்டிருந்தால், அந்தப் பதவி காகிதத்தில் மட்டும்தான். ஆனால் ஒரு வித்தியாசம் மிஞ்சுகிறது. விபத்துக்குப் பிறகு ‘அந்த வேலைக்கு யார் பொறுப்பு’ என்று தேட வேண்டியதில்லை. பெயர் முன்பே எழுதியிருக்கிறது. தன் பெயர் எழுதியிருக்கிறது என்று தெரிந்தவர் கொக்கி மேலே போகுமுன் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்.

நம் ஊரில் இதற்குப் புதிய சட்டம் தேவையா என்றால், முழுச் சட்டம் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன். சட்டத்தொகுப்பின் கீழ் வகுக்கும் விதிகளிலும் தரநிலைகளிலும் மூன்று விஷயங்கள் நுழைந்தால் நிறைய மாறும்: வாடகைக் கிரேனோடு பயிற்சி பெற்ற ரிக்கர் ஒருவர் வருவது, அன்றைய தூக்கலுக்குப் பொறுப்பானவர் பெயர் ஒரு துண்டுக் காகிதத்திலாவது இருப்பது, மனிதரைத் தூக்கும் எதற்கும் தனிக் கணக்கு வைப்பது. ‘செலவு கூடும்’ என்பார்கள். கூடும்தான். ஹைட்ரா வாடகை மணிக்குச் சில நூறு ரூபாய் ஏறும். குறைந்த விலைக்கு ஒத்துக்கொள்ளும் போட்டியாளர் அடுத்த தெருவிலேயே இருப்பார். எல்லோருக்கும் ஒரே விதி என்று ஆகாதவரை, ஒழுங்காகச் செய்பவருக்குத்தான் நஷ்டம்.

51-ஆம் தெரு விபத்துக்குப் பிறகு நியூயார்க் மாநகரம் டவர் கிரேன் உயர்த்தும் வேலைக்கு விதிகளை இறுக்கியது. வேலைக்கு முன் சம்பந்தப்பட்ட எல்லோரும் உட்கார்ந்து பேச ஒரு பாதுகாப்புக் கூட்டம் கட்டாயமானது. உற்பத்தியாளரின் கையேட்டில் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் ஒழிய நைலான் பெல்ட் கூடாது என்றார்கள். கூர்மையான விளிம்பு எதுவானாலும் நடுவே மெத்தை வைக்க வேண்டும் என்பதையும் எழுதிச் சேர்த்தார்கள். அந்த மெத்தைக்கு நம் ரிக்கர்கள் பழைய டயரை வெட்டி வைத்துக்கொள்வார்கள். எந்தப் பஞ்சர் கடையிலும் சும்மா கிடைக்கும்.